சால்மன் மீனும் சியாட்டில் நகராட்சியின் கடனும்

1999 மார்ச் மாதத்தில் அமெரிக்க மத்திய அரசாங்கம், பியூஜெட் சவுண்டு என்னும் உட்கடலில் வந்து கலக்கும் ஆறுகளின் சினூக் சால்மன் மீன்களை அழிவின் அபாயத்துக்கு உள்ளான ஜீவராசிகளின் பட்டியலில் சேர்த்தபோது, அதுவரை மலைக்காட்டு ஆறுகளின் விவகாரமாகக் கருதப்பட்டு வந்த ஒன்று, சியாட்டில் மாநகரத்தின் குடிநீர்க் குழாயையும் துறைமுகச் சுவரையும் தெருவோரச் சாக்கடையையும் தொட்டு நிற்கும் பிரச்சினையாயிற்று. மீன்களைக் காப்பது மத்திய, மாநில அரசாங்கங்களின் காரியமென்றும், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சமுத்திரத்தில் கழிக்கும் ஒரு பிராணிக்காக நகரவாசிகளின் வரிப்பணத்தைச் செலவிடுவது வீண் என்றும் வாதிக்க இடமுண்டு. கடலின் வெப்பநிலை, பிடிப்பின் அளவு, பொரிப்பகங்களின் கொள்கை ஆகிய எதுவும் நகராட்சியின் கையில் இல்லை என்பதும் மெய்யே. ஆயினும் குஞ்சாக இறங்கும்போது ஒரு முறையும், முட்டையிட ஏறும்போது மறுமுறையும் அந்த மீன் நகரத்தின் வாயிலைக் கடந்தே ஆகவேண்டியிருக்க, அவ்வாயிலைக் குறுக்கியதில் நகரத்துக்குப் பெரும் பங்கு இருக்கும்போது, நகராட்சி செய்யும் பரிகாரத்தைத் தர்மமாக எண்ணாமல் கடனாகவே எண்ணவேண்டும் என்பது என் துணிபு.

கடனின் கணக்கு பழையது. 1901-ல் குடிநீருக்காக சீடர் ஆற்றின் குறுக்கே லாண்ட்ஸ்பர்க்கில் நகரம் கட்டிய தடுப்பணை, அதற்கு மேலே மீன் ஏறும் வழியை அடைத்துவிட்டது. பின்னர் அந்த ஆறே பழைய தடத்தை விட்டு வாஷிங்டன் ஏரிக்குள் திருப்பப்பட்டது. மத்திய அரசின் ராணுவப் பொறியாளர்கள் வெட்டிய கப்பல் கால்வாயால் ஏரியின் மட்டம் சுமார் 9 அடி தாழ, பிளாக் ஆறு என்ற பெயருடன் அங்கிருந்து ஓடிய ஆறு வற்றியே போயிற்று. 1850-களின் உடன்படிக்கைகளில் தங்கள் நிலத்தைக் கொடுத்து மீன்பிடி உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்ட பழங்குடிகளுக்கு, பிடிக்கத்தக்க மீனில் பாதி உரியது என 1974-ல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாத ஆற்றில் பாதிப் பங்கு என்பதற்குப் பொருளேது?

இக்கடனை நகரம் ஓரளவு நேர்மையாகவே தீர்த்திருக்கும் இடம் சீடர் ஆறு. 2000-ல் கையெழுத்தான 50 ஆண்டுத் திட்டத்தின்படி, நகரத்துக்குச் சொந்தமான ஏறக்குறைய 90,000 ஏக்கர் நீர்ப்பிடிப்புக் காட்டில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவது நின்றது. ஆற்றில் எப்போதும் விடவேண்டிய நீரின் அளவும் வரையறுக்கப்பட்டது. 2003-ல் லாண்ட்ஸ்பர்க்கில் மீன் ஏணி திறக்கப்பட்டு, நூறாண்டுகளாக மூடிக்கிடந்த சுமார் 17 மைல் ஆறு சினூக், கோஹோ ஆகிய சால்மன் இனங்களுக்கு மீண்டும் கிட்டிற்று. சாக்கை என்னும் இனத்தை மட்டும் அணைக்கு மேலே விடுவதில்லை. முட்டையிட்டு மடியும் அம்மீன்களின் திரளான சடலங்கள் குடிநீரைக் கெடுக்கும் என்பது காரணம். இதைக் குறை கூறுவோர் கவனிக்கவேண்டியது, இவ்வாற்றுச் சாக்கை மீன்கள் பெரும்பாலும் 1930-களில் பேக்கர் ஏரியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டவற்றின் சந்ததி என்பதும், அணைக்குக் கீழே அவை முட்டையிட இடமுண்டு என்பதுமாகும். வடிகட்டாமலே குடிக்கத்தக்க நீரை மக்களுக்கு வழங்கும் பொறுப்புள்ள நகரம் இவ்வாறு எல்லை வகுத்தது நியாயமே.

நகரத்தை ஒட்டிய எலியட் விரிகுடாவின் கரைச்சுவரை 2017-ல் முடிந்த பணியில் புதுப்பித்த விதம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கடலுக்குப் போகும் சினூக் குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீரில் இரை தேடிக்கொண்டே செல்பவை. கப்பல்துறை மேடைகளின் கீழே விழும் இருளுக்குள் நுழைய அஞ்சி அவை வெளியே சுற்றிப்போக, ஆழத்தில் பெரிய மீன்களுக்கு இரையாகும் ஆபத்து நேர்கிறது. ஆகவே சுவருக்கு மேல் நீட்டிய நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்து வெளிச்சம் கீழே இறங்கச் செய்தார்கள். சுவரின் முகத்தில் வரிப்பள்ளங்களும் திட்டுகளும் அமைத்துப் பாசியும் சிற்றுயிர்களும் ஒட்ட வழி வகுத்தார்கள். அடியில் கல் நிரப்பிய வலைமெத்தைகளைப் பரப்பி, கடற்படுகையை உயர்த்தினார்கள். எப்படியும் கட்டியே ஆகவேண்டிய ஒரு சுவரில் மீனின் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்ட இந்த முறையே நகர நிர்வாகத்துக்கு உகந்த முறை என்று கருதுகிறேன். ஏனெனில் இங்கே நிலமும் சுவரும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன.

பொறுப்பு சிதறிக்கிடக்கும் இடத்தில்தான் நகராட்சி தயங்குகிறது. மேற்கு சியாட்டிலில் ஓடும் லாங்ஃபெல்லோ ஓடைக்கு இலையுதிர்கால மழையோடு ஏறிவரும் கோஹோ மீன்கள், வாய் பிளந்து, நிலை தவறி, நீர்மட்டத்தில் சுற்றிச் சுழன்று, வயிற்றில் முட்டைகளைச் சுமந்தபடியே சில மணி நேரத்தில் மடிவதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வந்தனர். மோட்டார் டயர்களைக் காக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு கூடி உண்டாக்கும் 6பிபிடி-குவினோன் என்னும் விஷமே காரணம் என 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். டயர் செய்வது கம்பெனி, ஓட்டுவது பிரஜைகள். ஆனால் அந்த விஷத்தை மழைநீரோடு ஓடைக்குக் கொண்டு சேர்க்கும் குழாய்களில் பெரும்பாலானவை நகரத்தின் சொத்து. இவ்வட்டார கோஹோ அபாயப் பட்டியலில் இல்லை என்பதைச் சாக்காகக் கொள்வதும் தகாது. பட்டியலின் எல்லையும் கடமையின் எல்லையும் ஒன்றல்ல.

பரிகாரமோ கைக்கெட்டியதே. மணலும் மக்கிய உரமும் கலந்த மண் அடுக்கின் வழியாகத் தெருநீரை வடித்துவிட்டால், அந்த நீரில் கோஹோ பிழைத்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அத்தகைய மண்வடிகால்களைச் சியாட்டில் பல தெருக்களில் முன்பே அமைத்திருக்கிறது. கரைச்சுவருக்குக் காட்டிய அதே அக்கறையை, வாகனங்கள் மிகுதியாக ஓடும் சாலைகளின் நீர் நேரே மீன் ஓடைகளில் விழும் ஒவ்வொரு குழாய்முனையிலும் காட்டவேண்டும். அதற்குரிய பணத்தை விருப்பச் செலவாகக் கருதாமல், சாக்கடை பராமரிப்பைப்போல் ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கவேண்டும் என்று நகரசபையை வற்புறுத்துவது அந்நகர மக்களின் பொறுப்பு.