மக்கும் மகனும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நண்பர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் நன்கு கற்ற ஒருவர் சொன்னார்: "மெக்டொனால்டில் இருக்கும் 'மெக்' நம்முடைய 'மகன்'தான்." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

பொருள் ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். மக்கின்டயர் தச்சன் மகன், மக்பர்சன் பாதிரியார் மகன். ஒலிதான் இடிக்கிறது. அயர்லாந்தின் பழைய ஒகம் கல்வெட்டுகளில் இச்சொல் 'மக்வி' என்று நிற்கிறது. அங்கே இருப்பது வெறும் ககரம் அன்று, இதழ் குவித்துச் சொல்லும் 'க்வ'. கேலிக்குக்கு உறவான வெல்ஷ் மொழியில் அந்த 'க்வ' பகரமானது; 'மாப்' வந்தது. அதன் தேய்வான 'ஆப்' ரிஸ் என்ற பெயரோடு ஒட்டிப் பிரைஸ் ஆயிற்று. ஐரிஷ்காரருக்குத் தலை 'கென்', வெல்ஷ்காரருக்குப் 'பென்', அதே விதி. தமிழ் மகவுக்கும் மகளுக்கும் மக்களுக்கும் கன்னடத்து 'மக'வுக்கும் அந்த 'க்வ'வின் சுவடே கிடையாது. உறவு இல்லை.

எல்லா ஸ்காட்லாந்துப் பெயரும் தகப்பனைச் சொல்வதுமில்லை. 1885இல் இன்றைய கேமரன் மலையை அளக்கப் போன வில்லியம் கேமரனின் குடிப்பெயருக்குக் கோணல் மூக்கு என்று பொருள். கோலாலம்பூரில் இன்று டாங் வாங்கி சாலை எனப்படுவது முன்பு கேம்பல் சாலை; கேம்பல் என்றால் கோணல் வாய்.

நமக்கு இரவல் பெருமை எதற்கு? தந்தை பெயரும் மகன் பெயரும் எப்படிப் புணரும் என்று புள்ளிமயங்கியலில் தொல்காப்பியர் விதியே வகுத்திருக்கிறார். கொற்றன் மகன் கொற்றன் கொற்றங்கொற்றன் ஆவான். ஆதன் தந்தை ஆந்தை. பிசிராந்தையாரை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே பிள்ளையால் தகப்பன் பெயர் பெறுகிறான்! மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரில் 'மகனார்' வெளிப்படையாகவே நிற்கிறது.

நம் மலேசிய அடையாள அட்டையில் இருப்பது 'ஏ/எல்', அதாவது மலாயில் அனாக் லெலாக்கி, மகன். பெண்ணுக்கு 'ஏ/பி', அனாக் பெரெம்புவான். கேலிக்கிலும் மகளுக்கு 'மக்' வராது, 'நிக்' வரும். ஆனால் மக்டொனால்ட் தலைமுறைகளைத் தாண்டி உறைந்துவிட்டது. இன்றைய மக்டொனால்டின் அப்பா டொனால்டாக இருக்க வேண்டியதில்லை. நம் 'ஏ/எல்' அப்படி உறையவில்லை. அதற்குப் பின்னால் நிற்பவர் பெற்ற தகப்பனே.

வரிசைதான் எனக்கு உறுத்துகிறது. அட்டையில் பிள்ளை முன்னே, தகப்பன் பின்னே. என் பேரனின் பெயர்சூட்டு விழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தபோது, கடைப்பையன் அட்டையில் வருவதுபோலவே 'ஏ/எல்' போட்டுத் தட்டச்சு செய்துவிட்டான். அதை அடித்துவிட்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதிக் கொடுத்தேன். முதலெழுத்தாகச் சுருக்குவது புதிது. வரிசையோ கொற்றங்கொற்றன் காலத்தது. இதில் எனக்கு ஐயமே இல்லை.