தேயிலைச் சத்தும் காப்பிச் சத்தும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்குக் கொழுந்து கொய்து தோட்டத்தை வளர்த்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முக்கியமானவர். அவர்கள் கொய்த இலையில் களைப்பைப் போக்கும் பொருள் யாது என்னும் வினாவுக்கு, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் விடை காணப்பட்டிருந்தது.

1819-இல் ரூங்கே என்னும் ஜெர்மானியர், கவிஞர் கதே கொடுத்த காப்பிக் கொட்டைகளை ஆராய்ந்து, காபீன் என்னும் வெண்ணிறப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1827-இல் ஊத்ரி என்பவர் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துத் தேயீன் எனப் பெயரிட்டார். செடிகள் இரண்டு, பெயர்களும் இரண்டு. பொருள்களும் இரண்டுதாமோ?

இதனை முடிவு செய்ய உதவியது மாறா விகித விதியாகும். பிரெஞ்சு அறிஞர் புரூஸ்ட் 1799-இல் செம்புக் கார்பனேட்டை ஆராய்ந்தார். மண்ணில் கிடைத்ததாயினும் ஆய்வுக்கூடத்தில் செய்ததாயினும், அதிலுள்ள மூலகங்களின் எடை விகிதம் ஒன்றாகவே இருந்தது. பெர்த்தொலே என்னும் பேரறிஞர் இதை மறுத்தார். பல ஆண்டுகள் நடந்த வாதத்தில் புரூஸ்டின் கொள்கையே நிலைபெற்றது.

1838-இல் முல்டர், யோப்ஸ்ட் ஆகிய இருவரும் தேயீனும் காபீனும் ஒன்றே என நிறுவினர். இரண்டிலும் 100 பங்கு எடையில் கார்பன் 49.5, நைட்ரஜன் 28.8, ஆக்ஸிஜன் 16.5, ஹைட்ரஜன் 5.2 பங்கு உள்ளன.

எனினும் விகித ஒற்றுமை மட்டுமே போதிய சான்றாகாது. ஒரே விகிதத்தில் அமைந்தும் தன்மையால் வேறுபடும் பொருள்கள் உண்டென்பதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர்; 1830-இல் பெர்சீலியஸ் அவற்றுக்கு ஐசோமர் எனப் பெயரிட்டார். ஆகவே விகிதம் வேறானால் பொருளும் வேறென்று துணியலாம். விகிதம் ஒன்றானால் பிற பண்புகளையும் ஒப்பிட்டே முடிவு கூறவேண்டும். காபீனை எமில் பிஷர் 1895-இல் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார்.

தேயிலையோ பல பொருள்களின் கலவை. அதற்கு மாறா விகிதம் கிடையாது. இளங்கொழுந்தில் காபீன் மிகுதி. முற்றிய இலையில் குறைவு. ஆனால் கேமரன் மலையிலும் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் மண்ணும் மழையும் எவ்வாறு வேறுபட்டாலும், பிரித்தெடுத்த காபீனில் மூலகங்களின் விகிதம் மாறுவதில்லை.