பாட்டுக்கு நடுவே ஓர் அழைப்பு: அமெரிக்கப் படைத்துறையின் ஆள்சேர்ப்பு வானொலித் தட்டுகள்

பதினாறு அங்குல விட்டமுள்ள வினைல் தட்டை வீட்டிலிருக்கும் இசைத்தட்டுக் கருவியில் வைத்துக் கேட்க இயலாது. ஊசியைத் தாங்கும் கை அதன் விளிம்பை எட்டாது; தட்டு கருவியைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். அது வீட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளன்று. 1930களிலிருந்து அமெரிக்க வானொலி நிலையங்களின் பயன்பாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட இவற்றை அத்துறையினர் 'டிரான்ஸ்கிரிப்ஷன்' தட்டுகள் என்றனர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் இத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 15 நிமிட ஒலியைத் தாங்கும். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரு பக்கங்கள் வேண்டும். இவ்வகைத் தட்டுகளுள் ஒரு பெரும் தொகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் படைத்துறை ஆள்சேர்ப்புக்காகத் தயாரித்து, ஊர்தோறும் இருந்த நிலையங்களுக்கு விலையின்றி அனுப்பிவைத்ததாகும்.

இன்று இத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் பலர். பெரும்பாலோரை ஈர்ப்பது அவற்றில் பாடிய, நடித்த புகழ்பெற்ற கலைஞர்களின் குரல். வேறெங்கும் வெளிவராத ஒரு பாட்டின் பதிவு கிடைக்கும் என்னும் நம்பிக்கையே இந்தச் சேகரிப்பின் உந்துசக்தி. வரலாற்றாய்வாளரின் கண்ணோ வேறிடத்தில் நிலைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவிலும், நாடகத்தின் இரண்டு அங்கங்களுக்கு நடுவிலும் வந்துபோகும் சிறிய அறிவிப்புதான் இத்தட்டு பிறந்ததற்கே காரணம். கேட்போர் பொறுத்துக்கொண்டதும் சேகரிப்போர் தாண்டிச் செல்வதும் அதையே.

இந்நிகழ்ச்சிகள் தட்டில் பதியப்பட்டு அஞ்சலில் அனுப்பப்பட்டதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. என்.பி.சி., சி.பி.எஸ். ஆகிய பெரும் வலையமைப்புகள் 1940களின் பிற்பகுதி வரை பதிவு செய்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. நேரடி ஒலிபரப்பே தரமுடையது என்பது அவற்றின் நிலைப்பாடு. பாடகர் பிங் கிராஸ்பி 1946 அக்டோபரில் ஏ.பி.சி. வலையமைப்புக்கு மாறியதும், நிகழ்ச்சியை முன்னரே பதிவு செய்துகொள்ளும் உரிமை அங்குக் கிடைத்ததனால்தான். ஆகவே பதிவுத் தட்டுகளின் இயல்பான களம் சிற்றூர்களின் உள்ளூர் நிலையங்களாக இருந்தது. 1950களில் தொலைக்காட்சி பரவி, வலையமைப்புகள் வானொலி நாடகங்களைக் கைவிடத் தொடங்கியபோது, நிரப்ப வேண்டிய நேரம் அந்நிலையங்களுக்கு மேலும் கூடியது. நல்ல நடிகர்களும் முழு இசைக்குழுவும் பங்கேற்ற அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று செலவின்றி வந்து சேர்ந்தால், அதை மறுப்பதற்கு நிலைய மேலாளருக்குக் காரணமில்லை.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், அலைவரிசையைப் பயன்படுத்துவோர் பொதுநலனுக்குப் பணியாற்ற வேண்டும் என்றது. குறித்த காலத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பொதுச் சேவைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது என்பதை நிலையங்கள் காட்ட வேண்டியிருந்தது. ஒலிபரப்பாளரின் பொதுச் சேவைப் பொறுப்பை வலியுறுத்திக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1946இல் வெளியிட்ட அறிக்கை இந்த எதிர்பார்ப்பை மேலும் அழுத்தமாக நினைவூட்டியது. படைத்துறையின் இலவசத் தட்டு அக்கணக்கில் எளிதாகச் சேர்ந்தது. அரசுக்கு ஒலிபரப்பு நேரம் விலையின்றிக் கிடைத்தது. நிலையத்துக்கு நிகழ்ச்சி விலையின்றிக் கிடைத்தது. அமெரிக்கத் தரைப்படை பெரும் பணம் கொடுத்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பர நேரம் வாங்கிப் பார்த்தது 1971இல்தான். அதுவரை இந்தக் கொடுக்கல் வாங்கலே ஆள்சேர்ப்பின் குரலைத் தாங்கிநின்றது.

படைக்கு ஆள் திரட்டச் சட்டமே இருக்கும்போது பாட்டு எதற்கு? போர்க்காலக் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் 1947 மார்ச் 31 அன்று காலாவதியானது. அடுத்து வந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் படைகள் முழுக்கவும் விருப்ப ஆள்சேர்ப்பையே நம்பியிருந்தன. 1948 ஜூன் 24 அன்று கட்டாயச் சேவை மீண்டும் சட்டமானது. அதன் பின்னரும் அழைப்பு நிற்கவில்லை. கட்டாயத்தின்பேரில் வருபவர் குறுகிய காலமே பணியாற்றுவார். தாமாகச் சேர்பவர் கூடுதல் ஆண்டுகள் இருப்பார், தொழில்நுட்பப் பயிற்சிக்கும் உகந்தவராவார். 1947இல் தனிப்படையாக உருவெடுத்த வான்படைக்கு இத்தகையோரே மிகுதியாகத் தேவைப்பட்டனர். சட்டத்தின் கை பின்னால் நிற்க, வானொலியின் குரல் முன்னால் வந்து கனிவாகப் பேசியது. 'அழைக்கப்படும் முன் நீங்களாகவே தேர்ந்துகொள்ளுங்கள்' என்பதே அக்குரலின் உட்பொருள்.

நிகழ்ச்சிகளின் வகைமை, யாரை நோக்கி அழைப்பு விடுக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. போர் முடிந்த கையோடு மார்க் வார்னோவின் இசைக்குழுவைக் கொண்டு தரைப்படை ஆள்சேர்ப்புக்காக நடத்தப்பட்ட 'சவுண்ட் ஆஃப்' நடன இசை விரும்பிய இளைஞர்களுக்கானது. தரைப்படையும் வான்படையும் இணைந்து 1940களின் இறுதியிலிருந்து 1950களில் வழங்கிய 'பிரவுட்லி வீ ஹெயில்' அரை மணி நேர நாடகத் தொடர். அதன் கதைகளில் பல படை வாழ்வைத் தொடாதவை. வான்படையின் 'செரனேட் இன் புளூ', கிளென் மில்லர் விட்டுச்சென்ற நடன இசை மரபை நினைவூட்டும் குழுக்களின் இசையை வழங்கியது. 1950களின் பிற்பகுதியில் நாஷ்வில் நகரில் பதிவான 'கன்ட்ரி ஸ்டைல் யு.எஸ்.ஏ.' தென்மாநில நாட்டுப்புறத்தாரைக் குறிவைத்த தரைப்படை நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1958 மார்ச் 24 அன்று, எல்விஸ் பிரஸ்லி கட்டாயச் சேவையின்கீழ்ப் படையில் சேர்க்கப்பட்டார். விருப்பத்தைக் கோரும் பாட்டும் விருப்பத்தைக் கேளாத சட்டமும் ஒரே இசையுலகில் அருகருகே நின்றன.

அழைப்பின் சொற்களைப் போலவே அதன் மௌனங்களும் ஆய்வுக்குரியவை. கறுப்பினத்தவரின் எண்ணிக்கை வகுத்துக்கொண்ட பத்து விழுக்காட்டு வரம்பைத் தாண்டுகிறது என்று கருதிய அமெரிக்கத் தரைப்படை, சில சிறப்புத் தொழில்கள் தவிர்த்து, அவர்களது புதிய சேர்க்கையை 1946 ஜூலையில் நிறுத்திவைத்தது. 'சவுண்ட் ஆஃப்' ஒலித்த அதே ஆண்டு அது. வானொலி அலைக்கு நிறவேலி இல்லை. பாட்டையும் அழைப்பையும் கறுப்பின இளைஞனும் கேட்டிருப்பான். ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கதவோ அவனுக்கு மூடியிருந்தது. இத்தனைக்கும் 'சவுண்ட் ஆஃப்' என்னும் சொல்லைப் படையணிவகுப்பின் பாட்டாக்கிப் புகழ் சேர்த்தவர், 1944இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்லோகம் கோட்டையில் பயிற்சியிலிருந்த வில்லி டக்வொர்த் என்னும் கறுப்பினப் படைவீரர். படைகளில் இனப் பாகுபாட்டை நீக்கும் அதிபர் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலை 26 அன்றுதான் வந்தது.

பெண்களின் நிலையும் இத்தகையதே. 1948 ஜூன் 12 அன்று நிறைவேறிய சட்டம் அவர்களுக்குப் படைகளில் நிரந்தர இடம் தந்தது. அதே சட்டம், அவர்களது எண்ணிக்கை மொத்தப் படையில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. தளபதி நிலைக்கு உயரும் வழியையும் அடைத்தது. பெண்களை நோக்கிய அழைப்பு கௌரவத்தையும் வாய்ப்பையும் பேசக்கூடியது. வரம்பைப் பேசுவது அதன் வேலையன்று. அழைப்பை மட்டும் கேட்பவர் ஒரு திறந்த வாயிலைக் காண்பார். சட்டத்தையும் சேர்த்துப் படிப்பவர் அவ்வாயிலின் அகலத்தை அளப்பார்.

இத்தட்டுகள் பிழைத்திருப்பது தற்செயல். ஒலிபரப்பு முடிந்ததும் அவற்றுக்கு வேலையில்லை. போர்வீரர்களின் பொழுதுபோக்குக்கென 1943 முதல் 1949 வரை வெளியான 'வி-டிஸ்க்' தட்டுகளின் கதை இதைவிடக் கடுமையானது. இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுத் தடை நிலவிய காலத்தில், வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்னும் உடன்பாட்டின்பேரில் அவை உருவாயின. திட்டம் முடிந்ததும் மூலத் தட்டுகள் அழிக்கப்பட்டன. வீடு திரும்பிய வீரர்கள் கொண்டுவந்த தட்டுகளும் பறிமுதலாயின. ஆள்சேர்ப்புத் தட்டுகளைத் தேடி யாரும் அப்படி வரவில்லை. அவற்றை அழித்தது அலட்சியமே. நிலையங்கள் இடம் மாறியபோதும் ஒலிநாடாவுக்கு மாறியபோதும் அவை குப்பைக்குச் சென்றன. எடுத்துச் செல்ல ஓர் ஊழியருக்கு மனம் வந்த இடங்களில் மட்டும் மிஞ்சின.

மிஞ்சியவை வினைலாக இருந்ததும் ஒரு நற்பேறு. நிலையங்களே அப்போதைக்கப்போது வெட்டிக்கொண்ட அரக்குப் பூச்சுத் தட்டுகளில், பூச்சு காலப்போக்கில் சுருங்கி, வெடித்து உரியும். போர்க்காலத்தில் அலுமினியத் தட்டுப்பாட்டால் கண்ணாடியை அடித்தளமாகக் கொண்டவை கைதவறினால் நொறுங்கும். பல நிலையங்களுக்கு அனுப்புவதற்காக அழுத்தி வார்க்கப்பட்ட வினைல் தட்டு அஞ்சல் பயணத்தையும் தாங்கியது. அறுபது எழுபது ஆண்டுகளையும் தாங்கியிருக்கிறது. கேட்பதற்குத்தான் தேர்ச்சி வேண்டும். பழைய தட்டுகளின் அகன்ற பள்ளத்துக்கு இன்றைய நுண்ணூசி பொருந்தாது. சில தட்டுகளில் ஒலி உள்வட்டத்திலிருந்து தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் செல்லும். பக்கம் மாறும்போது ஒலித்தரம் திடீரென மாறுவதைத் தவிர்க்க ஒரு பக்கத்தை வெளியிலிருந்தும் அடுத்ததை உள்ளிருந்தும் தொடங்குவது அக்கால உத்தி.

ஆய்வு மாணவர் ஒரு முறையியல் எச்சரிக்கையையும் மனத்தில் கொள்ள வேண்டும். இத்தட்டுகளின் முகப்புச் சீட்டில் தொடரின் பெயரும் நிகழ்ச்சி எண்ணும் இருக்கும். ஒலிபரப்பான நாள் இருக்க வேண்டுமென்பதில்லை. இருக்கவும் முடியாது, ஒரே தட்டு ஒரு நிலையத்தில் ஞாயிறு காலையிலும், மற்றொன்றில் சில வாரங்கள் கழித்து நள்ளிரவுக்கு முன்னும் ஒலித்திருக்கலாம். சீட்டின் ஓரத்தில் நிலைய ஊழியர் பென்சிலால் குறித்த தேதி, உறையில் தங்கிவிட்ட கடிதம், பள்ளம் முடியும் வெற்றுப் பரப்பில் பொறித்த எண் ஆகியவையே காலத்தை நெருங்க உதவும் சான்றுகள். ஒலியை மட்டும் கணினிக் கோப்பாக்கிவிட்டு உறையைத் தூக்கியெறிபவர், தாம் காப்பாற்றியதாக எண்ணும் ஆவணத்தின் பாதியை இழக்கிறார்.

ஆவணக்காப்பகமே பாதுகாப்பானது, தனியார் சேகரிப்பு நம்பத்தகாதது என்னும் எளிய பிரிவினையும் இத்துறையில் செல்லாது. வானொலி ஒலிப்பதிவுச் சேகரிப்பில் பெயர்பெற்ற ஜே. டேவிட் கோல்டின், தாம் முன்னர் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு வழங்கிய ஒரு பதிவு 2010இல் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டார். 1937இல் பேஸ்பால் வீரர் பேப் ரூத் அளித்த நேர்காணல் அது. விசாரணையில், அக்காப்பகத்தின் ஒலி, ஒளிப் பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வுபெற்றவரே பதிவுகளைத் திருடி விற்றது வெளியாயிற்று. 2012இல் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. தட்டின் முகம் அறிந்த ஒரு சேகரிப்பாளரின் நினைவுதான் அங்கே காப்பகத்தின் பதிவேடாக நின்றது.

பதிப்புரிமையோ இன்னொரு முடிச்சு. அமெரிக்க அரசு ஊழியர் பணியின்போது உருவாக்கிய படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் ஒரே தட்டில் அரசின் அறிவிப்பும், தனியார் பாடலாசிரியரின் பாட்டும், ஒப்பந்தக் கலைஞரின் நிகழ்த்துதலும் கலந்துகிடக்கின்றன. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளைக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1957க்கும் அந்நாளுக்கும் இடையே வெளியான பதிவுகள் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்புக்குள் இருக்கும். பொதுமக்களின் வரிப்பணத்தில் உருவாகி, பொதுமக்களின் பிள்ளைகளை அழைத்த குரலைத் தடையின்றி வெளியிடுவதற்குக் கூடச் சட்ட அறிவு தேவைப்படுகிறது.

1973 ஜனவரி 27 அன்று கட்டாயச் சேர்க்கை முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் விலை கொடுத்து வாங்கிய விளம்பர நேரத்தின் செல்வாக்கு வளர்ந்தது. இலவசத் தட்டுகளும் சில காலம் தொடர்ந்து, பின்னர் வழக்கொழிந்தன. அவை விட்டுச்சென்ற சான்று இன்று நிலவறைகளிலும் ஏலப் பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதற்கு நேரும் மிகப் பெரிய சேதம் கீறலோ பூஞ்சையோ அன்று. பாட்டுகளைத் தனியே பிரித்தெடுத்து, நடுவில் வரும் அறிவிப்பை இடையூறு என்று வெட்டிவிடும் நல்லெண்ணமே பெருஞ்சேதம். அந்த அறிவிப்பைக் கேட்டு எழுந்துபோன இளைஞர்களுள் ஒரு பகுதியினர் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் சென்றனர், அனைவரும் திரும்பிவரவில்லை. அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லப்படவில்லை என்பதற்கான சான்று அந்தச் சில வரிகளில் இருக்கிறது. தட்டைச் சேர்ப்பவர் அதை முழுமையாகச் சேர்க்க வேண்டும். கேட்பவரும் முழுமையாகக் கேட்க வேண்டும்.