வளைவும் உத்தரமும்: கொட்டாஞ்சேனைக் கட்டடங்கள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

தென்னாசியக் கட்டடக்கலை வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதல் விரிவாக எழுதியோருள் ஒருவரான ஜேம்ஸ் பெர்குசன், 1876இல் வெளிவந்த தமது நூலில், இந்துக்கள் வளைவை ஏற்க மறுத்தமைக்கு அவர்களே வாய்மொழியாகக் கூறிய காரணமொன்றைப் பதிவுசெய்தார். வளைவு ஒருபோதும் உறங்குவதில்லை என்பதே அக்காரணம். இக்கூற்று பின்னர் இருவகையாகக் கையாளப்பட்டுள்ளது. வளைவின் தத்துவத்தை அறியாத சமூகமொன்று தன் அறியாமைக்குக் கற்பித்துக்கொண்ட சாட்டாக ஒரு சாரார் இதனைக் கொண்டனர். அதற்கு மறுமொழி கூற முற்பட்ட எம்மவருள் சிலர், கூடுகளையும் நாசிகளையும் காட்டி, வளைவு எம்மிடம் ஆதியிலிருந்தே இருந்தது என வாதிட்டனர். இவ்விரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர் என்பது எமது கருத்து. கட்டட முறை ஒன்றனைப் பொருள், உழைப்பு, சமூகத் தேவை ஆகியவற்றிலிருந்து பிரித்து, அறிந்தோர்–அறியாதோர் என்ற பட்டியலுக்குள் அடக்கிவிட இருவரும் முயல்கின்றனர்.

இவ்வினாவை ஆராய நாம் தஞ்சைக்கோ உரோமாபுரிக்கோ செல்லவேண்டியதில்லை. கொழும்பின் வடபகுதியில், ஒரு மணி நேரத்துள் நடந்து பார்த்துவிடக்கூடிய மூன்று கட்டடங்கள் உள்ளன. ஒன்று ஒல்லாந்தர் கட்டிய வொல்வெண்டால் தேவாலயம். மற்றொன்று கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயம். மூன்றாவது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். முதலிரண்டும் வளைவின் மரபில் வந்தவை. மூன்றாவது தூணும் உத்தரமுமாக நிற்பது.

உத்தரத்தை முதலில் நோக்குவோம். இரு தூண்களின் மேல் கிடத்தப்பட்ட கல் தன் பாரத்தாலேயே நடுவிற் சிறிது தொய்ய முனைகிறது. அப்போது அதன் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதிற் கருங்கல்லுக்கு நிகரானவை சில. ஆயின் இழுவிசையைத் தாங்கும் அதன் வலிமையோ நெருக்க வலிமையிற் பத்தில் ஒரு பங்களவுதான். பல சமயங்களில் அதனினும் குறைவு. கல்லின் கனம் மாறாதிருக்க இடைவெளியை மட்டும் இரட்டித்தால், தன் பாரத்தால் அதனுள் எழும் வளைதகைப்பு நான்கு மடங்காகும். கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் இதுவே. சிற்பம் செதுக்க இடம் வேண்டுமென்பதற்காக மட்டும் அவை நிறுத்தப்பட்டவையல்ல. தூணின் தலையில் அமரும் போதிகையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. அது இருபுறமும் கை நீட்டி உத்தரத்தின் இடைவெளியைக் குறைக்கிறது. அணியெனக் கலை நூல்கள் வருணிக்கும் அவ்வுறுப்பு, பொறியியலாளர் கண்ணுக்கு ஒரு கணக்கின் விடையாகும்.

வளைவோ இழுவிசையை இயன்றவரை விலக்கிவிடும் உபாயம். ஆப்பு வடிவிற் செதுக்கிய கற்களை, அல்லது சாந்து இணைப்பைச் சரித்துப் பதித்த செங்கற்களை, வில்போல் அடுக்கினால் ஒவ்வொன்றும் தன் அயலதை நெருக்கி நிற்கும். உச்சியில் இறுதியாக இறங்குவது பூட்டுக்கல். அது இறங்கும் வரை வளைவு வளைவன்று; கீழே நிறுத்திய மரச்சட்டத்தின் மேற் கிடக்கும் கற்குவியலே. பூட்டுக்கல்லுக்கு விசேட வலிமை உண்டென்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் அது ஏனைய கற்களைப் போன்றதே. கடைசியில் வைக்கப்படுவதாற் பெயர் பெற்றது. 1675இல் றொபேட் ஹூக், தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் அதுவே வளைவுக்குரிய வடிவம் என்ற உண்மையை ஓர் எழுத்துப் புதிராக மறைத்து வெளியிட்டார். சங்கிலி முழுவதும் இழுவிசையில் நிற்பதுபோல அவ்வடிவ வளைவு முழுவதும் நெருக்கத்தில் நிற்கும். அரைவட்டமாயினும் கூர்முனையாயினும் கட்டப்பட்ட வளைவின் தடிப்புக்குள் இக்கற்பனைச் சங்கிலி அடங்குமாயின் அது நிற்கும். வெளியேறுமாயின் விரிசல் காணும்.

ஆனால் இவ்வசதி விலையின்றிக் கிடைப்பதில்லை. உத்தரம் தூணைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துகிறது. வளைவு கீழ்நோக்கியும் அழுத்துகிறது, பக்கவாட்டிலும் உதைக்கிறது. 20 அடி அகலத்தை 10 அடி எழுச்சியுள்ள வளைவுக்குப் பதிலாக 5 அடி எழுச்சியுள்ள வளைவாற் கடந்தால் அவ்வுதைப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். கூர்முனை வளைவின் உதைப்பு குறைவாயிருப்பதும், இரும்பு விட்டங்களுக்கிடையே தட்டையாகக் கட்டப்படும் செங்கல் வளைவுகளின் உதைப்பு மிகுதியாயிருப்பதும் இதனாலேயே. இவ்வுதைப்பை ஏற்கத் தடித்த சுவரோ, முட்டுச்சுவரோ, இரும்புக் கட்டோ வேண்டும். வளைவுகள் வரிசையாக நிற்குமிடத்து அயல் வளைவுகளின் உதைப்புகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்ய, எஞ்சியதை இரு கரைகளும் ஏற்கும். 1921இல் உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிமுடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் அக்கரைகள் மலைகளே. (கொல்லம்–செங்கோட்டைப் புகையிரதப் பாதையில் அத்தகைய பாலமொன்றை மக்கள் 'பதின்மூன்று கண் பாலம்' என்பர். பிறமொழிகள் பல வளைவை வில்லாகக் கண்டன. இலத்தீன் 'ஆர்க்கசும்' பாரசீகக் 'கமானும்' வில்லையே குறிப்பன. தமிழ்ப் பேச்சு வழக்கோ வளைவின் கீழுள்ள வெளியைக் கண்ணெனக் கண்டது.) வளைவு உறங்குவதில்லை என்றோர் அறியாமையாற் பேசவில்லை, பக்க உதைப்பை நன்கறிந்தே பேசினர் என்பது இதனால் தெளிவாகும்.

இனி வொல்வெண்டாலுக்கு வருவோம். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இத்தேவாலயம் கிரேக்கச் சிலுவை வடிவிலானது. கொழும்பில் கபுக் கல் என வழங்கும் செம்புரைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆன அதன் சுவர்கள் ஏறக்குறைய 5 அடி தடிப்புள்ளவை. கபுக் கல் வெட்டுவதற்கு இலகுவானது. வலிமையிற் கருங்கல்லுக்கு அணித்தாகவும் வராதது. அதனைத் தடித்த சுவராக எழுப்பலாம். நீண்ட உத்தரமாக நினைக்கவும் முடியாது. தேவாலயத்தின் கூரை ஆதியிற் செங்கல் வளைவாக அமைந்திருந்தது. 1856இல் இடி விழுந்து அது பெரிதும் சேதமுற்றபின் மரமும் தகடுமான கூரை அதனிடத்தைப் பெற்றது. இன்று உள்ளே நின்று நோக்குவோர் அச்சுவர்களின் பருமனைக் கண்டு ஒல்லாந்தரின் கோட்டை மனப்பான்மையை நினைத்துக்கொள்வர். அதுவும் ஓரளவு பொருந்தலாம். ஆயின் செங்கல் வளைகூரையொன்றின் உதைப்பை ஏற்கும் கடமையும் அச்சுவர்களுக்கு இருந்தது. உதைப்பு நீங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதனை எதிர்கொள்ள எழுந்த சுவர்கள் அவ்வாறே நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த புனித லூசியாள் பேராலயத்தின் சிறப்பு அதன் குவிமாடம். குவிமாடத்தை அச்சிற் சுழலவிட்ட வளைவாகக் கருதலாம். மேற்பகுதி நெருக்கத்தில் நிற்க, அடிப்பகுதி வெளிநோக்கி விரிய முனையும். உரோமாபுரிப் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல்கள் தோன்றியபோது, 1740களில் ஜொவானி பொலேனி ஹூக்கின் சங்கிலியைக் கொண்டே அதனை ஆராய்ந்தார். இரும்பு வளையங்கள் இட்டு அதனைக் கட்டினர். அம்மரபின் தூரத்து வாரிசு ஒன்று கொட்டாஞ்சேனையின் கூரைகளுக்கு மேலாகத் தெரிகிறது.

அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடந்தால் முற்றிலும் வேறான உலகினுள் நுழைகிறோம். பொன்னம்பல முதலியார் 1850களில் நிறுவிய சிவன் கோயிலை, அவர் மைந்தர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் முழுவதும் கருங்கல்லாற் புதுப்பித்தார். தென்னிந்தியச் சிற்பிகள் பணியாற்றினர். 1912இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. தூண், போதிகை, உத்தரம், கொடுங்கை என அனைத்தும் ஆகம மரபின்படி அமைந்தன. அணியாக வளைந்த வடிவங்கள் உண்டு. பாரம் தாங்கும் வளைவு எமது கண்ணிற் படவில்லை.

இது அறியாமையின் விளைவா? பீதர்கானிலுள்ள ஐந்தாம் நூற்றாண்டுச் செங்கற் கோயிலில் உண்மை வளைவு உண்டு. பொலன்னறுவையில் தூபாராமச் சிலைமனையின் செங்கல் வளைகூரை இன்றும் நிற்கிறது. அதே நகரில், அதற்கு நெடுந்தூரத்திலன்று, சோழர் காலத்து வானவன்மாதேவி ஈசுவரம் வளைவின்றிக் கல்லால் எழுந்து நிற்கிறது. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உட்புறம் வெறுமையானது. ஒவ்வொரு வரிக் கல்லும் கீழ்வரியினும் சிறிது முன்னே நீள அடுக்கி அதனை மேலே மூடினர். இவை யாவற்றினும் தெளிவான சான்று மதுரையிற் கிடைக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தமது அரண்மனையைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் பேருருவான வளைவுகளும் குவிமாடமுமாக எழுப்பினார். அதே மன்னர், அதே நகரில், மீனாட்சியம்மன் கோயிலின் முன் கட்டிய புது மண்டபம் 124 கற்றூண்களின் மேல் உத்தரம் பரப்பியது. ஒரே ஆட்சியின் கீழ் இரு முறைகளும் கைவசமிருந்தன. எதனை எங்கு வைப்பது என்பதே வினாவாயிருந்தது.

அதனைத் தீர்மானித்தவை யாவை? பொருள் முதலாவது. கருங்கல் கிடைக்குமிடத்தில் உத்தரம் இயலும்; செங்கல்லும் கபுக் கல்லுமே கிடைக்குமிடத்தில், மரம் அழியுமென அஞ்சுவோர் வளைவையே நாடவேண்டும். உழைப்பின் அமைப்பு இரண்டாவது. உத்தர முறையிற் பெருமளவு உழைப்புக் கல்லை உடைப்பதிலும் இழுப்பதிலும் செதுக்குவதிலும் செல்கிறது. பெருந்தொகையான ஆட்களைத் திரட்டவும், தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளைப் பேணவும் கூடிய அரசுக்கும் கோயிலுக்கும் அது ஏற்றது. வளைவு முறையிற் பொருள் சிறிது சிறிதாகக் கையாளப்படுகிறது. மரச்சட்டம் அமைக்கும் தச்சனும் சாந்து அறிந்த கொத்தனும் போதும். எத்தனையோ கைகளின் உழைப்பு ஓர் உத்தரத்தை மேலேற்றியது என்பதைக் கல்வெட்டுகள் எமக்குக் கூறுவதில்லை. கொடையாளர் பெயரையே அவை கூறுகின்றன. மூன்றாவது, வடிவத்தின் சமூகப் பொருள். காலம் கடந்து நிற்கவேண்டிய தெய்வத்தின் இல்லத்துக்கு, ஓயாது உதைக்கும் முறை ஏற்றதன்று எனக் கருதப்பட்டிருக்கலாம். அரசனின் இல்லத்துக்கு அத்தடை இருக்கவில்லை.

இராமநாதன் கருங்கல்லைத் தேர்ந்ததை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுக அலைதடுப்பணை கொங்கிறீற்றுப் பாளங்களால் 1885 அளவில் முடிக்கப்பட்டுவிட்டது. எனவே 1907இல் வேறு வழிகள் இல்லாமற் கருங்கல் தேர்ந்தெடுக்கப்படவில்லை. சொலிசிற்றர் ஜெனரல் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, 1911இற் படித்த இலங்கையர் தொகுதிக்குத் தெரிவாகவிருந்த ஒருவர், குவிமாடமும் தேவாலய வளைவும் ஆட்சியின் அடையாளமாயிருந்த நகரில், சோழ, விசயநகர முறையை மீள நிறுத்துகிறார். இது ஓர் அரசியற் கூற்று. குடியேற்ற ஆட்சியை வடிவத்தால் மறுப்பதென்ற வகையில் அது முற்போக்கான கூறு உடையது. அதேவேளை பரம்பரைச் செல்வமும் பதவியும் பெற்ற ஒரு குடும்பத்தின் தலைமையை அது கல்லில் உறுதிப்படுத்துகிறது. இரண்டையும் ஒருங்கே காணாத ஆய்வு அரை ஆய்வாகவே முடியும்.

வெள்ளவத்தையில் நிலைமை வேறு. அங்கு வளைவு நடுத்தர வகுப்பாரின் வீட்டு முகப்பாக வந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில், முன்விறாந்தையில் இரண்டு மூன்று செங்கல் வளைவுகள் தாங்கிய பழைய வீடுகள் இருந்தன. 1983 யூலையில் எரிந்தவை சில. பின்னர் தொடர்மாடிகளுக்கு இடம்விட்டவை பல. தொடர்மாடிகளின் வாயிலிலும் திருமண மண்டப முகப்பிலும் இன்று காணும் வளைவுகள் பெரும்பாலும் வளைவுகளல்ல. உள்ளே உருக்குக் கம்பி செறிந்த கொங்கிறீற்று விட்டம் நேராகக் கிடக்கிறது. கம்பி இழுவிசையை ஏற்கிறது. கீழே வளைந்து தெரிவது சீமெந்துப் பூச்சு. முன்னர் கல்லிற் செதுக்கிய கூடு மர வளைவைப் போலிசெய்தது. இப்போது பூச்சு செங்கல் வளைவைப் போலிசெய்கிறது.

ஆயினும் மெய்யான வளைவை இனங்காண அறிந்தோர் வெள்ளவத்தையில் இன்றும் உளர். பழைய வீடொன்றை உடைக்க வரும் மேசன்மார் பக்கச் சுவரில் முதலிற் கை வைப்பதில்லை. வளைவின் கீழ்த் தென்னங்குற்றிகளை நிறுத்தி, மேலிருக்கும் பாரத்தை இறக்கி, உச்சியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்த பின்னரே சுவருக்கு வருகின்றனர். ஏனென நாம் வினவியபோது, சுவர் போனால் வளைவு ஆளைக் கேட்டுக்கொண்டு விழாது என அவர்களுள் மூத்தவர் கூறினார்.