ஆறு மணிக்குள்

புதிய கடை திறக்கும் நாளில் வாசலின் ஒளிப்பலகை எரியாமல் நின்றால் எந்த முதலாளியும் பொறுக்கமாட்டார். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது; மின்பணியாளர் இரவெல்லாம் ஏணியில் நின்றாவது வேலையை முடித்துத் தரவேண்டும். விடிந்தபின் அண்ணாந்து பார்ப்பவர் வெளிச்சத்தைக் காண்பார், ஏணியைக் காண்பதில்லை. திருவண்ணாமலைக் கடைவீதிகளில் கார்த்திகை நெருங்கும்போது இந்த அவசரத்தை நிறையவே பார்க்கலாம். ஆனால் அந்த ஊரில் கெடு வைத்து ஏற்றப்படும் பெரிய விளக்கு கடைவாசலில் இல்லை. அது 2,668 அடி உயர மலையுச்சியில் இருக்கிறது.

கார்த்திகை விளக்கு மிகப் பழையது. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் அதைப் பாடியிருக்கிறார். ஆனால் அவர் காட்டுவது ஊர்த்தெருவின் விளக்குகளை. சோழர் காலத்தில் கோயில் விளக்கு எரிவதற்கென்றே ஒரு பொருளாதாரம் உருவாயிற்று. ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட மன்றாடிகள், அதாவது இடையர்கள், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். குட்டிகள் மூத்தவற்றின் இடத்தை நிரப்பிவிடும் என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகலாம், மன்றாடி சாகலாம். கணக்கில் மட்டும் ஒன்றும் சாகாது. கொடையளித்தவரின் பெயர் கல்லில் நிலைத்தது. நெய் சுமந்தவரின் பெயர் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

மலைத்தீபத்தின் சுமை மீனவ மரபினரான பருவதராஜ குலத்தாருடையது. சுமார் ஐந்தரை அடி உயரக் கொப்பரையைத் தோளில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுசெல்வதும், தீபம் ஏற்றுவதும் அவர்கள் உரிமை. 3,500 கிலோ நெய்யும் 1,000 மீட்டர் காடாத் துணியும் மேலே போகவேண்டும் என்பது அண்மைக் காலச் செய்திகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாதையோ கரடுமுரடான பாறைவழி. அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே எழுந்தருள, கொடிமரத்தின்முன் அகண்ட தீபம் ஏற்றப்படும். அதே வேளையில் மலையுச்சி சுடர்விடவேண்டும். கடை முதலாளியிடம் ஒரு மணிநேரம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். இங்கே கேட்க ஆளில்லை.

2024இல் அந்தக் கெடுவுக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், டிசம்பர் 1 அன்று, மலைச்சரிவில் மண் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மகாதீபம் டிசம்பர் 13. இடையில் இருந்தவை பன்னிரண்டே நாட்கள். புவியியல் வல்லுநர்கள் மலையேறி மண்ணை ஆராய்ந்தார்கள். பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. தீபப் பணிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி. ஈரம் காயாத மலையில் கொப்பரை ஏறியது. 13ஆம் தேதி மாலை தீபம் எரிந்தது.

அதைத் தெய்வச்செயல் என்றனர் சிலர். மரபின் வலிமை என்றனர் வேறு சிலர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து என்று ஊரே விலக்கிவைக்கப்பட்ட மலையில், விலக்கின்றி நடக்கச் சிலரை அனுப்பியிருக்கிறோம். அவர்களும் மனம் உவந்தே போயிருப்பார்கள். அது அவர்கள் உரிமை, பெருமையும்கூட. பெருமை இருப்பதால் ஆபத்து குறைந்துவிடாது. மண்ணின் இயல்பையும் மழையின் அளவையும் ஆண்டுதோறும் முன்கூட்டியே ஆராய்வதும், சுமப்பவரின் பாதுகாப்பை விழாச் செலவின் முதல் வரியாக எழுதுவதும் மரபுக்கு எதிரானவை அல்ல. அன்றாட நெய்யை உழக்கால் அளந்து கல்லில் பொறித்த மரபு அல்லவா இது!

தீபம் பதினோரு நாள் எரியும். பின்னர் கொப்பரை கீழிறங்கும். அதன் மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டுப் பக்தர்களுக்கும் கிடைக்கும். நெற்றியில் அதை இட்டுக்கொள்ளும்போது, அது மலையிலிருந்து யாரோ ஒருவரின் தோள்வழியே இறங்கி வந்தது என்பதையும் ஒரு கணம் நினைக்கலாம்.