தரவுப் பகுப்பாய்வுக்கு மாறுவோர்: சிங்கப்பூரில் இரு வழிகள்

செவிலியர், ஆசிரியர், கிடங்கு மேலாளர் எனத் தொடர்பில்லாத பணிகளில் இருப்போர் நடுவயதில் தரவுப் பகுப்பாய்வுத் துறைக்கு மாற முனைவது பல நாடுகளில் காணப்படுகிறது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் இத்தகைய மாற்றத்திற்கு அரசு நிதியுதவியும் உண்டு. ஆனால், படித்தபின் வேலை தேடுவதா, வேலையை உறுதிசெய்துகொண்டு படிப்பதா என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் வருமானம் அமைகிறது.

படிப்பு முதலில்

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ், 25 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2016 ஜனவரி முதல் பயிற்சிக் கட்டணத்திற்காக 500 வெள்ளி வழங்கப்பட்டது. 40 வயதைக் கடந்தோருக்கு 2024 மே மாதத்தில் மேலும் 4,000 வெள்ளி அளிக்கப்பட்டது. இவ்வயதினர் குறிப்பிட்ட சில முழுநேரப் படிப்புகளில் சேர்ந்தால், முந்தைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், உதவித்தொகையாகப் பெறும் ஏற்பாடு 2025இல் தொடங்கியது.

வருமானம் பாதியாகலாம், வீட்டுக் கடன் தவணை பாதியாவதில்லை. படிப்பின் முடிவில் வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் பணியாற்றும் வெளிநாட்டவர்க்கோ இந்நிதி கிடையாது.

வேலை முதலில்

மற்றொரு வழி, வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் அமைப்பின் தொழில்மாற்றுத் திட்டங்கள். இவற்றில் நிறுவனம் முதலில் ஆளைப் பணியமர்த்துகிறது. பயிற்சி பின்னர் நடைபெறுகிறது. பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. குடிமக்களுடன் நிரந்தரவாசிகளும் இதில் சேரலாம். நிறுவனமொன்று முன்வர வேண்டும் என்பதால் இவ்வழி கடினமானது. ஆயினும் குடும்பப் பொறுப்புள்ளவர்க்கு இதுவே பாதுகாப்பானது.

பழைய தொழிலின் பயன்

எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான் ஆகியவற்றின் அடிப்படைகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற கருவிகள் எளிய வினவல்களையும் வரைபடங்களையும் நொடிகளில் உருவாக்குவதால், இத்திறன் மட்டும் உடையவரின் மதிப்பு குறைந்துள்ளது.

தரவு எவ்வாறு உருவானது என்ற அறிவு அவ்வாறு எளிதில் கிட்டுவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் இரத்த அழுத்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், அளக்கவில்லையா, அளந்தும் எழுத நேரமில்லையா என்பதை ஊகிக்க வல்லவர் செவிலியரே.

இது புதிய உண்மையன்று. புள்ளியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் கிரான்ட், இலண்டனில் துணி வணிகர். நகரின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து அவர் 1662இல் நூல் வெளியிட்டார். பால்வினை நோய் மரணங்கள் குறைத்துக் காட்டப்பட்டிருந்ததையும், சடலங்களைப் பார்வையிட்ட பெண்கள் பெற்ற கையூட்டு அதற்கு ஒரு காரணம் என்பதையும் அவர் சுட்டினார். எண்களைக் கூட்டியதோடு அவர் நிற்கவில்லை.

எனவே கிடங்கு மேலாளர் வங்கிப் பகுப்பாய்வாளர் பணிக்குப் புதியவர்களுடன் போட்டியிடுவதைவிட, சரக்குப் போக்குவரத்துத் துறையிலேயே அப்பணியைத் தேடுவது பொருத்தமானது.

விண்ணப்பத்துடன் இணைக்கும் மாதிரி ஆய்வுக்கும் இது பொருந்தும். பயிற்சி பெறுவோர் பலரும் டைட்டானிக் பயணிகள் பட்டியலையே ஆராய்கின்றனர். அதனால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய இயலாது. பணியிடத் தரவை வெளியே எடுத்துச் செல்வதோ சட்டச் சிக்கலில் முடியும். சிங்கப்பூர் அரசின் திறந்த தரவுத் தளத்தில் சுகாதாரம், போக்குவரத்து, வீடமைப்பு குறித்த தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன.