பள்ளிக்கூடங்கள் கைகோர்த்த வரலாறு

சேமிப்பு, கடன், தொழில் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பிள்ளைகள் படிப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலும் ஒரு சின்ன இடம்தான். பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தை முடித்து அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகிற இடம்.

நம்ம கிராமங்கள்ல அஞ்சாவது வரைக்கும் உள்ளூர்ல பள்ளி இருக்கும். எட்டாவது வரைக்கும் பக்கத்து ஊர். பத்தாவதுக்கு பஸ் ஏறணும். காமராஜர் முதலமைச்சரா இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்துல ஊர் ஊரா பள்ளிக்கூடம் திறந்தாங்க, மதிய உணவும் போட்டாங்க. பிள்ளைங்க உள்ளே வந்தாங்க. ஆனா பத்தாவது முடிக்கணும்னா மூணு வாசலைத் தாண்டணும். ஒவ்வொரு வாசல்லயும் சில பேர் நின்னுடுவாங்க. எங்க ஊர்ல நின்னவங்கள்ல பாதிக்கு மேல பொம்பளைப் பிள்ளைங்கதான்.

இதை அரசாங்கமும் யோசிச்சிருக்கு. 1964-ல் கோத்தாரி என்ற அறிவியல் அறிஞர் தலைமையில் மத்திய அரசு ஒரு கல்விக் குழு அமைத்தது. 1966-ல் அறிக்கை வந்தது. அதில் ஒரு யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பக்கத்து பக்கத்து தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி எல்லாத்தையும் ஒரு உயர்நிலைப் பள்ளியோட சேர்த்து ஒரு தொகுப்பா ஆக்கணும். தலைமையாசிரியர்கள் ஒண்ணா உட்கார்ந்து திட்டம் போடணும். பெரிய பள்ளியில் இருக்கிற ஆய்வகமும் புத்தகமும் சின்னப் பள்ளிக்கும் பயன்படணும். நமக்கு இது புரியாத விஷயமா? பன்னெண்டு பேர் சேர்ந்தா குழு, குழுக்கள் சேர்ந்தா கூட்டமைப்பு. தனியா ஒரு குழு பேங்க்ல போய் நின்னா ஒரு மரியாதை, கூட்டமைப்பா போனா வேற மரியாதை.

ஆனா அறிக்கை உடனே ஊருக்கு வந்துடல. 1986 கல்விக் கொள்கையிலும் இதையே எழுதினாங்க, 2020 கொள்கையிலும் திரும்ப எழுதினாங்க. நம்ம தீர்மான நோட்டுல ஒரே தீர்மானத்தை மூணு கூட்டத்துல எழுதினா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

நடுவுல கொஞ்சம் வேலையும் நடந்தது. 2001 வாக்கில் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கியது. ஒன்றியத்துக்கு வட்டார வள மையம், அதுக்குக் கீழே சில பள்ளிகளுக்குச் சேர்த்து குறுவள மையம். பல பள்ளி ஆசிரியர்கள் ஒரே இடத்துல கூடி, எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறலன்னு பேச வழி வந்தது. ஆனா அந்த இயக்கம் எட்டாவதோட நின்னுடும். ஒன்பதாவது வேற கணக்கு.

அந்த இடைவெளியில மாட்டினவங்க நாங்க. நான் ஒன்பதாவது சேர்ந்தப்ப மூணு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைங்க ஒரே வகுப்புல உட்கார்ந்தோம். ஒரு ஊர்ல கணக்கு நல்லா நடத்தியிருந்தாங்க, எங்க பள்ளியில பாதி வருஷம் கணக்கு வாத்தியாரே கிடையாது. புது வாத்தியார் எல்லாருக்கும் தெரியும்னு வச்சுக்கிட்டு மேலே போயிட்டார். என்கூட எட்டாவதுல முதல் ரேங்க் எடுத்தவ, காலாண்டுப் பரீட்சையில கணக்குல பதினெட்டு மார்க். பொங்கல் லீவுக்கு அப்புறம் வரவேயில்ல. அவளுக்குப் படிப்பு வராம இல்ல. எட்டாவது வாத்தியாரும் ஒன்பதாவது வாத்தியாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தா அவ பத்தாவது முடிச்சிருப்பா. இதை நான் எங்க வேணா சொல்லுவேன்.

2009-ல் இரண்டு முக்கியமான விஷயம் நடந்தது. கல்வி உரிமைச் சட்டம் வந்தது, ஆனா அது 14 வயசு வரைக்கும்தான். அதே வருஷம் ஒன்பதாவது, பத்தாவதுக்குன்னு இடைநிலைக் கல்வித் திட்டம் தொடங்கினாங்க, 5 கிலோமீட்டருக்குள்ள ஒரு உயர்நிலைப் பள்ளி வேணும்னு சொன்னாங்க. 2018-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இந்த இடைநிலைத் திட்டத்தையும் ஒண்ணாக்கி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வின்னு பேர் வச்சாங்க. அப்பதான் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே கணக்கு ஆச்சு. (சைக்கிள் மட்டும் இன்னும் பதினொண்ணாவதுலதான் தர்றாங்க. தூரம் ஆறாவதுலயே ஆரம்பிச்சிடுதே!)

பள்ளிப் பரிமாற்றம்னும் ஒண்ணு செஞ்சாங்க. ஒரு பள்ளிப் பிள்ளைங்களை இன்னொரு பள்ளிக்குக் கூட்டிட்டுப் போய் அங்க இருக்கிற ஆய்வகம், நூலகம் எல்லாம் காட்டுறது. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. முன்னாடியே ஒரு தடவை பார்த்த வாசல்ல நுழைய பயம் இருக்காது.

இப்ப பெரிய உதவி எமிஸ் நம்பர். முன்னல்லாம் டி.சி. கொடுத்தா அந்தப் பள்ளியோட கணக்கு முடிஞ்சது. அடுத்த பள்ளியில சேரலைன்னா யாருக்கும் தெரியாது. இப்ப டி.சி. வாங்கின பிள்ளையோட பேர் கம்ப்யூட்டர்ல பொதுத் தொகுப்புல நிக்கும், அடுத்த பள்ளி எடுக்கிற வரைக்கும். யார் எங்கேயும் சேரலன்னு பார்த்துடலாம். ஆனா கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது. தட்ட ஆள் வேணும்.

அந்த ஆள் நாமதான். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், உறுப்பினர்கள்ல பாதிப் பேர் பெண்கள். நம்ம கூட்டமைப்பு உறுப்பினர்கள் பல பேர் அதுல இருக்கீங்க. ஆனா நடுநிலைப் பள்ளிக் குழு தனியா, உயர்நிலைப் பள்ளிக் குழு தனியா கூடுது. எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். ஏப்ரல் மாசம் இரண்டு பள்ளிக் குழுவையும் ஒரே நாள்ல கூட்டச் சொல்லி தலைமையாசிரியர்கள்கிட்ட கேக்கப் போறோம். எட்டாவது முடிக்கிற பிள்ளைங்க பட்டியலைக் கையில வாங்கிக்கிட்டு, ஜூன் இரண்டாவது வாரம் வீடு வீடா போறதா முடிவு. மத்த ஊர்க் குழுக்களும் வர்றதா இருந்தா அடுத்த மாதக் கூட்டத்துல பேர் கொடுங்க.